பூனையின் வயிறு

வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அது அவ்வப்போது வாந்தி எடுக்கும். 'முடி உருண்டை' என்று துடைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் வயசான பூனை அடிக்கடி வாந்தி எடுத்து, இளைத்துக்கொண்டும் வந்தால் சமாசாரம் வேறு. கிட்னி, தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லை என்றான பிறகு, சந்தேகம் குடல் மேல் விழும்.

அங்கே முக்கியமாக இரண்டு சாத்தியம். ஒன்று, நாள்பட்ட குடல் அழற்சி. மற்றது ஸ்மால் செல் லிம்ஃபோமா என்கிற, மெதுவாக வளரும் புற்றுநோய். வாந்தி, பேதி, எடைக்குறைவு இரண்டுக்கும் பொது. ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி தடித்த குடல்தான்.

"ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடாதா சித்தப்பா?" என்றாள் அண்ணன் மகள். அவளுடைய கறுப்புப் பூனை மிளகுக்கு 13 வயது. மூன்று கிலோகூட இல்லை.

தெரியாது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் சில புரதங்களை அவசரமாக ரத்தத்தில் கொட்டும். நமக்கு சி.ஆர்.பி. என்று எழுதிக்கொடுக்கிறார்களே, அது 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. நாய்க்கும் அது நன்றாக ஏறும். பூனைக்குப் பெரிதாக அசையாது (பூனை எதில்தான் நாயைப் பின்பற்றியிருக்கிறது!). அதற்கு சீரம் அமிலாய்ட் ஏ பார்க்க வேண்டும். அதுவும் ஈறு வீக்கம், கணையம், கட்டி என்று எதற்கு வேண்டுமானாலும் ஏறும். தீயணைப்பு வண்டியின் மணி கேட்கிறது, எந்த வீடு என்று தெரியவில்லை. நாள்பட்ட குடல் நோயில் சில சமயம் மணியே அடிக்காது. ஆல்புமின் குறைந்தால் நோய் முற்றியிருக்கலாம். எந்த நோய் என்று அதுவும் சொல்லாது.

உருப்படியான துப்பு தருவது புரதமே இல்லை, பி12 வைட்டமின். அதை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அங்கே பழுதானால் ரத்தத்தில் பி12 குறையும். ஊசி போட்டால் பல பூனைகளுக்குப் பசி திரும்புகிறது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மயக்க மருந்து கொடுத்து, குடலில் துணுக்கு எடுத்து, பயாப்ஸி செய்ய வேண்டும். மூன்று கிலோ கிழவிக்கு மயக்க மருந்து! அழற்சி என்றால் சாப்பாட்டு மாற்றம், ஸ்டீராய்டு. லிம்ஃபோமா என்றால் அதே ஸ்டீராய்டோடு குளோராம்ப்யூசில் மாத்திரை. அதிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிய பூனைகள் நிறைய. அப்படியானால் மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஸ்டீராய்டை முதலில் கொடுத்துவிட்டால், பிறகு எடுக்கும் பயாப்ஸி தெளிவாக இல்லாமல் போகலாம். வெட்டுவதா வேண்டாமா என்பதை முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். மிளகைக் கேட்க முடியாது.

இப்போதைக்கு வாரம் ஒரு பி12 ஊசி, டாக்டர் சொன்ன புதுச் சாப்பாடு. ஸ்டீராய்டு சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை எடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.