இறங்காது திரும்பும் துணிவு

விமானம் மேலெழுவதைக் கண்டு வியப்பவர் பலர். அது இறங்குவதைக் கருதிப் பார்ப்பவர் சிலர். ஆயினும் விமானியின் கல்வியையும் நிதானத்தையும் உரைத்துப் பார்க்கும் கல் இறக்கமே. சந்தாபுராவிலும் ஓசூர்ச் சாலையின் இருமருங்கிலும் குடியேறி வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. நம்மை வாழவைக்கும் பெங்களூரு, விமானங்களைக் கட்டும் நகரமன்றோ!

சிறு விமானம் இறங்குகையில் வேகமும் உயரமும் ஒருங்கே குறைகின்றன. வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். மீட்டெடுக்க உயரமும் இராது. வேகம் மிகுந்தாலோ ஓடுதளம் போதாது. உரிய வேகத்தினும் 20 விழுக்காடு கூடுதலாக வந்து தரை தொட்டால், தடைக்கருவிகள் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் 44 விழுக்காடு கூடிவிடும். பக்கக்காற்றும் மழைநீர் தேங்கிய தளமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டுவதில்லை.

2008இல் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தபின், நம் பழைய எச்.ஏ.எல். நிலையம் பெரும்பாலும் சிறு தனியார் விமானங்களுக்கும் படைத்துறை விமானங்களுக்கும் உரியதாயிற்று. அங்கிருந்து 2023 ஜூலை 11 அன்று கிளம்பிய பிரீமியர் 1ஏ என்னும் சிறு ஜெட் விமானத்தில் முன்சக்கரம் கோளாறு செய்தது. விமானிகள் இருவரும் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினர். முன்சக்கரத்தின் துணையின்றியே விமானம் தரையிறங்கிற்று. இருவரும் நலமாக மீண்டனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து மும்பைக்கு எண்மருடன் வந்த லியர்ஜெட் 45 விமானம், பெருமழையில் இறங்குகையில் ஓடுதளத்தை விட்டு விலகி உருக்குலைந்தது. பார்வைத் தொலைவு 700 மீட்டர்தான். காயமுற்றவர் உண்டு, உயிரிழந்தவர் இல்லை.

ஐயம் தோன்றினால் இறக்கத்தை விடுத்து, மீண்டும் மேலெழுந்து, வட்டமிட்டு வர வேண்டுமென்பது விமானிகள் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. விதி எளிது, அதைக் கடைப்பிடிப்பதே அரிது. தனியார் விமானத்தில் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்லது பெரிய மனிதர். கூட்டமோ திருமணமோ காத்திருக்கும். “இன்று இறங்க இயலாது, ஐயா” என்று ஊதியம் பெறுபவர் ஊதியம் தருபவரிடம் சொல்ல வேண்டும். மேலதிகாரியின் கோப்புக்கு மறுப்புக் குறிப்பு எழுதுவது எத்துணைக் கடினம் என்பதை அலுவலகத்தில் காலந்தள்ளும் நாம் அறிவோம். அங்கே தவறினால் கோப்பு திரும்பி வரும். இங்கே உயிர் திரும்பி வராது.

ஆகவே விமானிக்கு இயந்திரப் பயிற்சி மட்டும் போதாது; திரும்பியமைக்காக அவரைக் கடிந்துகொள்ளாத முதலாளியும் வேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் பறக்கப் பழகலாம். பொங்கலுக்கு முன்னிரவில் அத்திப்பள்ளி கடந்து ஊர்நோக்கிக் காரோட்டும் மகனும் ஒருவகை விமானியே. “எப்போது வருவாய்?” என்று மும்முறை கேட்கும் தொலைபேசியும் பின்னிருக்கை முதலாளிதான்.

“நேரமானால் ஆகட்டும், நிதானமாக வா” என்று சொல்லப் பழகுவோம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கே, வேண்டிய வேளையில் இறங்காது திரும்பும் துணிவு வரும்.