பெரும்புதூரிலிருந்து வந்த மாணவர்

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் வரிசைகட்டி நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காதில் இயர்போன். ஏறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். காரும் செல்போனும் கண்ணாடியும் தயாராகிற ஊர் இது. ஊருக்குள் திரும்பினால் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் இங்கே பிறந்தார் என்பது வைணவ மரபு. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் தகப்பனாரைப் பறிகொடுத்து, மேற்படிப்புக்காக அவர் காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்தபோது இந்த பஸ் ஏறுகிறவர்களைவிடவும் சின்னவர்.

அன்று பெரும்புதூர்ப் பிள்ளை படிக்கக் காஞ்சிக்குப் போனார். இன்று காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் வேலைக்குப் பெரும்புதூர் வருகிறார்கள். நடுவில் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்.

ராமானுஜர் என்றதும் இளைஞர்களுக்குச் சொல்லப்படுவது திருக்கோஷ்டியூர்க் கதை. பதினெட்டு முறை நடையாய் நடந்து வாங்கிய மந்திரப் பொருளைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்ன கதை. மேடைப் பேச்சுக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது. 1897 பிப்ரவரியில் சென்னையில் இந்திய ரிஷிகளைப் பற்றிப் பேசிய விவேகானந்தர், சங்கரரின் அறிவுக்குப் பக்கத்தில் ராமானுஜரின் இதயத்தை வைத்துப் பேசினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமாநுஜர்’ நாடகத்துக்கு 1999-ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. 2015-ல் கருணாநிதி, தொண்ணூறைத் தாண்டிய வயதில், ராமானுஜரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எழுதினார். 2022-ல் ஐதராபாத் அருகே முச்சிந்தலில் 216 அடிச் சிலை திறக்கப்பட்டது. பக்தருக்கும் வேண்டியவர், பகுத்தறிவாளருக்கும் வேண்டியவர்.

ஆனால் கோபுரம் ஏறிய ராமானுஜர் அதற்குள் ஆசாரியராகிவிட்டவர். காஞ்சிபுரத்தில் தேட வேண்டியது அவருக்கு முந்திய ஆளை: வாத்தியாரோடு ஒத்துப்போகாமல், வீட்டிலும் நிம்மதி இல்லாமல், யாரிடம் போய்க் கேட்பது என்று தவித்த இளையாழ்வாரை. ராமானுஜருக்கு அப்போது அதுதான் பெயர். இருபது வயதுக்காரர்களுக்கு இவர்தான் கிட்டத்து ஆள்.

அவர் படித்த இடம் காஞ்சிக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழி. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்லும். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் அலறிக்கொண்டு போக, விஜயராகவப் பெருமாள் கோயில் வாசலில் மட்டும் சத்தம் அடங்கியிருக்கிறது. இந்த ஊரில்தான் யாதவப்பிரகாசர் வேதாந்தம் நடத்தினார். குருவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த சமயம், ஓர் உபநிடத வாக்கியத்துக்கு அவர் சொன்ன பொருள் பொறுக்காமல் சீடரின் கண்ணீர் அவர் தொடையில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டவருக்கு வேறு பொருள் சொல்லப்பட்டது. குருபரம்பரைக் கதை அப்படித்தான் போகிறது. கல்வெட்டில் உள்ள செய்தி அல்ல. ஆனாலும் எதிர்த்துப் பேசிய மாணவரை மரபு தலையில் தூக்கிவைத்திருப்பது கவனிக்க வேண்டிய விஷயம். நம் பள்ளிக்கூடங்களில் இன்றும் கேள்வி கேட்கிற பையனுக்குக் கடைசி பெஞ்சுதான்.

கதையின் அடுத்த திருப்பம் பயங்கரமானது. காசி யாத்திரை என்று கூட்டிப்போய்ச் சீடரைக் கங்கையில் தள்ளிவிடத் திட்டம். சித்தி மகன் கோவிந்தன் காதில் போட்டுவிட, விந்திய மலைக் காட்டில் இளையாழ்வார் தனியே பிரிந்துவிடுகிறார். அங்கே ஒரு வேடனும் அவன் மனைவியும் வழித்துணையாகிறார்கள். இரவில் அவளுக்குத் தாகம். விடிந்ததும் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து பார்த்தால் இருவரையும் காணோம். எதிரே தெரிகிறது காஞ்சிபுரம். அந்தக் கிணறுதான் செவிலிமேட்டுச் சாலைக் கிணறு.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில். 2019-ல் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாள் ஊரே திணறியபோது வந்தவர்களில் பலருக்கு இந்தக் கோயிலின் பெயர் அப்போதுதான் பழக்கம். சாதாரண நாளில் கல்லூரிப் பிள்ளைகள் நேரே போவது தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லிக்கு. அடுத்து நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலிக்கு முன்னால் செல்பி. அப்புறம் கோயில் இட்லி. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் தூக்கலாக மணக்கும் இட்லி. பிட்டு வாயில் போட்டால் நெய்யும் சுக்குக் காரமும் சேர்ந்து தொண்டைவரை இறங்கும். சட்னியைத் தேடக் கூடாது.

கரியமாணிக்கப் பெருமாள் சன்னதிப் பக்கம் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த வைணவ ஆசாரியர் ஆளவந்தார் இங்கே நின்றுதான், யாதவப்பிரகாசரின் மாணவர் கூட்டத்துக்கு நடுவே போன இளைஞரைப் பார்த்து இவனே தமக்குப் பின் முதல்வன் என்று கண்டுகொண்டாராம். கூப்பிட்டுப் பேசவில்லை. பெருமாளிடம் வேண்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு இருவரும் பேசிக்கொள்ள வாய்க்கவே இல்லை. ராமானுஜர் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது ஆளவந்தார் பரமபதித்திருந்தார்.

காஞ்சியில் இளையாழ்வாருக்குக் கிடைத்த உண்மையான வழிகாட்டி, பூவிருந்தவல்லியிலிருந்து வந்த திருக்கச்சி நம்பிகள். அந்தணர் அல்லாதவர். பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுகிற தொண்டு அவருடையது. அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு இளையாழ்வார் விருந்துக்கு அழைத்தார். நம்பிகள் அவர் இல்லாத நேரத்தில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போக, மனைவி தஞ்சமாம்பாள் மிச்சத்தை ஒதுக்கி, இடத்தை மெழுகி, தலைக்குக் குளித்துவிட்டார். வீடு அன்றைக்கே இரண்டுபட்டது. கடைசியில், பிறந்தகத்தில் கல்யாணம் என்று ஓலை வந்ததாகக் காட்டி மனைவியை அனுப்பிவிட்டு, கோயில் அனந்தசரஸ் குளக்கரையில் துறவு.

குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இதைக் கேட்ட ஒரு கல்லூரி மாணவி, “அப்போ அந்த அம்மா என்ன ஆனாங்க?” என்றார். நியாயமான கேள்வி. கதை அதற்கு நிற்காமல் ராமானுஜரோடு ஸ்ரீரங்கம் போய்விடுகிறது. சாதியைத் தாண்டி குருவைத் தேடியதை மெச்சுகிற வாயால், அந்தப் பெண்ணுக்கு நடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. இதே கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமைக்காக வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் படி ஏறியிருக்கின்றன. உற்சவத்தில் கைகலப்பு நடந்ததும் உண்டு. இரண்டு தரப்புக்கும் ராமானுஜர்தான் ஆசாரியர்!

கோயிலை விட்டு ஊருக்குள் வந்தால், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிச் சத்தம் இப்போது விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். முன்பு அது பெரும்பாலும் வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்தைப் பறிகொடுத்து உட்கார்ந்தவர்களும் அதில் உண்டு. “இப்ப யாரும் உக்கார மாட்டாங்க தம்பி. எம் பையன் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான். மாசம் பொறந்தா சம்பளம். இங்க சேலை முடிஞ்சாத்தான் கூலி” என்கிறார் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். குரலில் வருத்தத்தைவிடக் கணக்குத்தான் அதிகம். பையன் தொழிலை விட்டதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொடுத்ததைக் கேள்வி கேட்கவும், பொருந்தாத இடத்தை விட்டு விலகவும் ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டென்றால், தறிக்கும் அது பொருந்தும்.

செவிலிமேடு வந்தவாசிச் சாலையில், பாலாற்றுக்கு இந்தக் கரையில். சாலைக் கிணற்றருகே ராமானுஜருக்குச் சன்னதி இருக்கிறது. பிரம்மாண்டம் எதுவும் இல்லை. திரும்பி வந்த இளையாழ்வார் தினமும் இங்கிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக் கோயிலுக்குச் சுமந்தார் என்கிறார்கள். எதிர்த்துப் பேசியதற்கும் துறவுக்கும் நடுவே அவர் செய்த வேலை இவ்வளவுதான். அடுத்து என்ன என்று தெரியாத வயதில், கைக்குக் கிடைத்த வேலையை நாள் தவறாமல் செய்தவர் என்கிற இந்தச் செய்தியைத்தான் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளிடம் சொல்லத் தோன்றுகிறது. கோபுரக் கதை கைதட்டலுக்கு ஆகும். தண்ணீர்க் குடம் சாதாரண நாளுக்கு ஆகும்.

யாதவப்பிரகாசரின் கதையும் பாக்கி இருக்கிறது. துறவியான பழைய மாணவரிடமே அவர் பின்னாளில் சீடராக வந்தார். கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். துறவிகளின் ஒழுக்கம் பற்றி அவர் தொகுத்த ‘யதிதர்மசமுச்சயம்’ என்ற சம்ஸ்கிருத நூலை, இலங்கையில் பிறந்த அறிஞர் பாட்ரிக் ஒலிவெல் 1995-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அடுத்த முறை பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள், சேலைக் கடையில் பெரியவர்கள் பேரம் பேசும் நேரத்துக்குப் பிள்ளைகளைச் செவிலிமேட்டுக்கு அனுப்பிவையுங்கள். திருப்புட்குழிக்கும் சேர்த்து அரைநாள் போதும்.