ஒரு காதுக்குப் பாம்படம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் காலை பாசஞ்சர். 1923இல் போட்ட தடம், 60 கிலோமீட்டர் சொச்சம். ஜன்னலோரத்தில் ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் நான். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். தோளில் கிடந்த துணிப்பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தாள். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதோடு ஒரு வெள்ளைப் பேனா. பேனாவை வலது கை விரல்களுக்குள் ஒருமுறை உருட்டிவிட்டு, சாப்பிட உட்கார்வதுபோலச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

வண்டி பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் போன் வந்தது. "வந்துக்கிட்டிருக்கேன்க்கா. அந்த ஆதார் பிரிண்ட் எல்லாம் வந்ததும் எடுத்துத் தாரேன். சாவி எங்கிட்டதான் இருக்கு." ஜெராக்ஸ் கடையில் வேலை என்று புரிந்தது. கடை திறக்கும்வரை உள்ள நேரம்தான் அவளுக்குச் சொந்தம். அந்த நேரத்தை அவள் வைத்திருந்தது திரையில் இருந்த அந்த முகத்துக்கு.

காட்டு ராணியா, அரக்கியா, சொல்லத் தெரியவில்லை. அகன்ற கண்கள், உதட்டோரம் எட்டிப் பார்க்கும் இரண்டு கோரைப்பற்கள், நெற்றியிலிருந்து பின்னோக்கி வளைந்த கொம்புகள். திரையின் நடுவே மெல்லிய நீலக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் அவள் ஒரு கொம்பை இழுத்தால் அந்தப் பக்கம் இன்னொரு கொம்பு தானாக முளைத்தது. காதும் அப்படித்தான். கூர்மையாக மேலே நிமிர்ந்த இரண்டு காதுகள், ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி பார்த்த மாதிரி.

நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் காதை நான் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக் கதைகளிலும் சினிமாவிலும் வரும் வனதேவதைகளின் காது அது. விரல் நுனி அளவு மாற்றமில்லாமல் எங்கும் அதே காது. அவளுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். மூன்று முறை வரைந்து, மூன்று முறையும் இரண்டு விரலால் திரையைத் தட்டினாள். தட்டத் தட்டக் காது மறைந்தது. முடியும் கழுத்தும் தனித்தனி லேயரில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது இல்லாத அந்த முகம் எதையோ கேட்கக் காத்திருப்பதுபோல இருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். வண்டி ஓடும்போது அவள் கோடு போடவில்லை. தோலுக்கு நிறம் பூசினாள், கன்னத்துக்கு நிழல் கொடுத்தாள். பேனாவை அழுத்தினால் அடர்ந்தது, மெல்லத் தொட்டால் புகைபோலப் படர்ந்தது. செய்துங்கநல்லூரில் வண்டி நின்றதும் முதுகு நிமிர்ந்தது. இமைமயிர்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். விசில் கேட்டதும் பேனா உயர்ந்தது. நின்றால் கோடு, ஓடினால் வண்ணம். தினமும் இதே வண்டியில் வந்து வந்து அவளாகக் கண்டுபிடித்த முறையாக இருக்கும். எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் ஆச்சி ஏறினாள். ஓலைப்பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு எங்களுக்கு எதிரே அமர்ந்தாள். வடிந்த காது. வலது காதின் மடல் கயிறுபோல நீண்டு ஏறக்குறைய தோளைத் தொட்டது. இடது காதின் மடல் அப்படி முழுசாக இல்லை. பாரம் தாங்காமல் என்றோ அறுந்து, இரண்டு நுனிகளாகத் தொங்கியது. அவள் வயதுப் பெண்கள் பலர் பிற்பாடு வெட்கப்பட்டுக் காதை ஒட்டத் தைத்துக்கொண்டார்கள். இந்த ஆச்சி அப்படியே விட்டிருந்தாள்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று உடனே ஜன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பினாள். வாழைத் தோட்டங்கள் ஓடின. மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது பேனா பிடித்த கை அசையாமல் இருந்தது. கண் மட்டும் அந்த மடலின் மேல் மெதுவாக இறங்கி, அறுந்த நுனிகளுக்குத் தாவி, அங்கேயே நின்றது. பிறகு திரையின் ஓரத்தில் எதையோ தொட்டாள். நடுவிலிருந்த நீலக் கோடு மறைந்தது.

ஆழ்வார்திருநகரியில் வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில் வலது காதைப் போட்டாள். ஒரே இழுப்பு. காதிலிருந்து கழுத்தோரமாக இறங்கி, தோளுக்கு மேலே வளைந்து, மீண்டும் ஏறிச் சேர்ந்தது. அந்தப் பக்கம் எதுவும் முளைக்கவில்லை. இடது காதை அவள் தனியாகத்தான் வரைய வேண்டியிருந்தது. இரண்டு நுனிகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. அத்தனை நேரமும் படமாக இருந்த அது, எங்கோ பிறந்து எதையோ சுமந்து வாழ்ந்த ஒருத்தியாக மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. எதுவும் பேசவில்லை.

கிருஷ்ணாபுரம் கோயில் நினைவுக்கு வந்தது. இந்தத் தடத்துக்குப் பக்கத்தில், திருச்செந்தூர் சாலையில்தான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் செதுக்கிய ஆளுயரச் சிலைகள். தேவரும் வீரருமாக நிற்கும் அந்தக் கல்லில் நகக்கண்கூடத் தெரியும். அந்தச் சிற்பியும் யாரோ ஒருவரின் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பான் என்றே நம்புகிறேன்.

நாசரேத் வரும்போது ஆச்சி முன்னால் குனிந்தாள்.

"எம்மா, இது ஆரு? இசக்கியா?"

"இல்ல ஆச்சி. நானா நெனச்சி வரையுறது."

"அதானே. இசக்கிக்குக் கொம்பு ஏது?" கண்ணைச் சுருக்கி இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். "காது எங் காது மாதிரில்லா இருக்கு."

பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கேக்காம வரஞ்சிட்டேன் ஆச்சி. வேண்டாம்னா அழிச்சிருதேன்."

"அழிக்காத. ஆனா வெறுங் காதா விடாத, பாத்துக்க. பாம்படம் போட்டுரு."

பாம்படம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆச்சி விரலால் இருக்கையின் மேல் வரைந்து காட்டினாள். கட்டம் கட்டமாக, மேலே குண்டு குண்டாக. "உள்ள அரக்கு, மேலதான் தங்கம். எம்மவன் காலேசுக்குப் போவும்போது வித்தாச்சி." சொல்லும்போது குரலில் வருத்தமில்லை. வலது கை மட்டும் தன்னையறியாமல் காதுமடலுக்குப் போய், இல்லாத பாரத்தைத் தாங்குவதுபோல ஒரு கணம் அடியில் நின்றது.

குரும்பூரில் கட்டங்களும் குண்டுகளும் வந்தன. ஆறுமுகநேரியில் பாம்படத்துக்கு ஓர் ஓரத்தில் வெளிச்சம் வைத்தாள். அதன் கனத்துக்கு ஏற்ப மடலை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். பிறகு இடது காதருகே பேனாவைக் கொண்டுபோய், என்ன செய்வது என்பதுபோல ஆச்சியைப் பார்த்தாள்.

"அதுல நிக்காது. விட்டுரு."

விட்டுவிட்டாள். காயல்பட்டினம் தாண்டியதும் படத்தைச் சேமித்து, டேப்லெட்டைப் பைக்குள் வைத்தாள். திருச்செந்தூரில் ஆச்சியின் ஓலைப்பெட்டியை அவள்தான் இறக்கிக் கொடுத்தாள். ஆச்சி கோயில் பக்கம் நடந்தாள். அந்தப் பெண் கையில் சாவியை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனாள்.