ஒரு ரூபாய்க்கு ரெண்டு பறவை!

ஹாஸ்டல் பின்பக்க முருங்கை மரத்தில் அன்று காலையில் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது ஒரு குட்டிப் பறவை. “டேய்... ஹம்மிங் பேர்டுடா! ஓடி வாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பிரஷ்ஷும் நுரையுமாக மொத்த கேங்கும் ஆஜர்.

வாட்ச்மேன் அண்ணன் மட்டும் அசரவே இல்லை. “தம்பி, அது தேன்சிட்டு. எங்க ஊர்ல வேலிக்கு வேலி இருக்கும்!”

செம பல்பு! அதுவும் எனக்கு. ‘ஹம்மிங் பேர்டு மாதிரி இறக்கை அடிக்கும் விமானம்’தான் எங்கள் டீமோட மினி ப்ராஜெக்ட். நம்ம ஊரில் ஹம்மிங் பேர்டே கிடையாது, அமெரிக்கக் கண்டங்களிலும் அதை ஒட்டிய தீவுகளிலும்தான் உண்டு என்பதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். (கைடுகிட்ட சொல்லிடாதீங்க ப்ளீஸ்!)

மானம் போன வேகத்தில் லைப்ரரிக்கு ஓடினேன். அங்கே ஒரு புத்தகத்தில் மாட்டினார் நம்ம ஹீரோ. ஊர், கியூபா. உள்ளூர்க்காரர்கள் செல்லமாகக் கூப்பிடுவது சுன்சுன்சீத்தோ. உலகத்துப் பறவைகளிலேயே இதுதான் பொடிசு. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 5, 6 செ.மீ. ஆண் பறவை 2 கிராம்கூடத் தேறாது. ரெண்டைச் சேர்த்து நிறுத்தால்தான் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடை வரும்!

ஆனா கெட்டப்புக்குக் குறைச்சல் இல்லை. ஜோடி சேரும் சீஸனில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் தகதகவென்று சிவப்பு. தொண்டை இறகுகள் ரெண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மினுமினுப்பு சாயத்தில் வருவது இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டு வருவது. அதனால் கொஞ்சம் திரும்பினால் அதே சிவப்பு கறுப்பாகத் தெரியும். சீஸன் முடிந்தால் மேக்கப் கலைந்துவிடும். பெண் பறவை சிம்பிள். மேலே நீலப்பச்சை, கீழே வெளிர் சாம்பல், வால் நுனியில் வெள்ளைப் பொட்டு.

நாங்கள் செய்த விமானம் 60 கிராம். மேடையிலிருந்து விட்டோம், முதல் வரிசையில் போய் விழுந்தது. அமெரிக்காவின் டார்ப்பா பணம் கொடுத்து, ஏரோவிரான்மென்ட் கம்பெனி 2011-ல் பறக்கவிட்டுக் காட்டிய ‘நானோ ஹம்மிங் பேர்டு’கூட 19 கிராம். அது நிமிஷக் கணக்கில்தான் பறக்கும். சுன்சுன்சீத்தோ நொடிக்கு 80 தடவை இறக்கை அடித்து, அந்தரத்தில் நின்றபடி நாள் முழுக்கத் தேன் குடிக்கிறது. இறக்கை கீழே போகும்போது மட்டுமில்லை, மேலே வரும்போதும் அதற்கு லிஃப்ட் கிடைக்கிறது. எங்க டிசைன் கோட்டைவிட்டது இங்கேதான்.

இவ்வளவு தெரிந்த பறவை, கியூபாவைவிட்டு எங்கேயும் போவதில்லை. இதன் சொந்தக்காரப் பறவை ஒன்று, 3 கிராம் எடையை வைத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவின் 800 கி.மீ. தண்ணீரைத் தாண்டுகிறது. இதற்கோ அந்தத் தீவுதான் எல்லாம். முன்பு கியூபாவில் பரவலாக இருந்ததாம். கரும்புக்கும் காபிக்கும் மாட்டுக்கும் என்று காட்டை அழிக்க அழிக்க, இப்போது துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது... மேற்கு முனையில் குவானாகாபிபெஸ், தெற்கே ஸபாட்டா சதுப்புநிலம், கிழக்கே மலைக்காடுகள் என்று. சிலந்தி நூலும் மரப்பாசியும் வைத்துக் கட்டும் கூடு மூணு செ.மீ. அகலம்கூட வராது. உள்ளே பட்டாணி சைஸில் ரெண்டு முட்டை. கூடு கட்டக் கிளையும் தேனுக்குப் பூவும் ஒரே இடத்தில் வேண்டும். காடு போனால் ரெண்டும் போச்சு. அழிவை நெருங்கிக்கொண்டிருக்கும் பறவைகளின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

சாயங்காலம் படத்தை வாட்ச்மேன் அண்ணனிடம் காட்டினேன். “இத்தினியூண்டா?” என்றவர், என்னிடம் ஒரு ரூபாய் வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். “இதுல பாதி கனமா தம்பி?”

காசை இன்னும் திருப்பித் தரலை!