இஸ்திகாராவுக்கு முன்

மஃரிபுக்குப் பின் எம் சகோதரி மகனுடன் வந்தார். நீட் தேர்வில் தகுதி மதிப்பெண்ணை அவன் சற்றே தாண்டியிருந்தான். ஜார்ஜியாவில் மருத்துவ இடம் உண்டு, வீட்டை அடமானம் வைத்தால் போதும் என்றாராம் முகவர். "காக்கா, நீங்க இஸ்திகாரா செய்து சொல்லுங்க" என்றார்.

தொழ வேண்டியவன் அவன். அதற்கு முன் விசாரிப்பதும் கடமை. முன்பு எம்மிடம் ஓதிய ஒருவன் இவ்வாறே புறப்பட்டபோது, நாம் எதுவும் கேளாமல் துஆ மட்டும் செய்து அனுப்பினோம். பட்டத்துடன் திரும்பியவன், வெளிநாட்டில் பயின்றோருக்கான தேர்வில் 300க்கு 150 பெற இயலாமல் இன்றும் தவிக்கிறான். அவன் வாப்பா ஸலாம் சொல்லும்போதெல்லாம் எமக்குத் தலை நிமிர்வதில்லை.

இம்முறை கேட்டோம். குறைந்தது 54 மாத ஆங்கிலவழிப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து அத்தேர்வு, இங்கே மேலும் 12 மாதப் பயிற்சி. முகவர் இவற்றில் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. அடமானக் கடனின் வட்டியைக் குறிப்பிட்டதும் சகோதரி தலைகுனிந்தார், அறியாதவர் அல்லர்.

மதிப்பெண் ஏன் குறைந்தது என மருமகனைக் கேட்டோம்.

"படிக்கல மாமா. அங்கே போனா படிப்பேன்."

"இங்கே ஓராண்டு படித்துக் காட்டு" என்றோம். அடுத்த நீட் வரை வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று மஷூராவில் முடிவாயிற்று. சகோதரிக்கு இதில் முழு மனமில்லை.