நவம்பரில் சேரும் பிள்ளைகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேர்க்கை மாதம் ஜூன். கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அந்த ஒரு மாதம் போதாது. தீபாவளியும் சத் பூஜையும் முடிந்து ரயிலேறும் பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் நவம்பர் கடைசியில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து லைன் வீடுகளில் வந்து இறங்கும். வடகிழக்கு மழை ஓய்ந்து சூளை வேலை தொடங்கும்போது, ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து செங்கல் அறுக்கும் குடும்பங்கள் வரும். அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் வந்துவிட்ட நேரத்தில், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல், தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாமல் ஒரு பிள்ளை தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும். ஆசிரியர் பயிற்சியில் இதற்குப் பாடம் கிடையாது. இங்கே வேலை பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வந்த பிள்ளைக்கு என்ன தெரியாது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்ன தெரியும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை. தமிழ் சொல்லித்தருவது அதற்கு அடுத்தது.

சேர்த்துக்கொள்வதில் சட்டம் குழப்பம் வைக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, கல்வியாண்டு நடுவில் வந்தார்கள் என்றோ ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று அதே சட்டம் தனியாகவே சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது நான்காம் பிரிவு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளி வாசலையே மிதிக்காத பத்து வயதுப் பெண் ஐந்தாம் வகுப்பில் உட்கார்கிறாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சப்படுகிறாள், ஐந்தாம் வகுப்புப் புத்தகமோ அவளுக்கு வெறும் காகிதம்.

புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது பெயரை. அடுத்தது, வீட்டில் அம்மாவோடு எந்த மொழி பேசுவாய் என்பதை. ஆசிரியர் அறையில் ‘இந்திக்காரப் பசங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விசாரித்தால் ஒருவன் போஜ்புரி, ஒருத்தி மைதிலி, இன்னொருத்தி சந்தாலி. சூளைப் பிள்ளைகள் வீட்டில் பேசும் சம்பல்புரியும், ஒடிசாப் பாடநூலில் இருக்கும் ஒடியாவும் ஒன்றல்ல. பீகாரிலேயே இந்தியை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளை இங்கே மூன்றாவது மொழிக்கு வருகிறது. அப்படியானால் அது ஏற்கெனவே ஒருமுறை புதிய மொழிக்குள் நுழைந்து பழகிய பிள்ளை. அந்த அனுபவம் பெரிய முதல்.

வீட்டு மொழி தெரிந்தால் பிழைகளின் காரணம் புரியும். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்த பையன் ‘க’வைக் காட்டி, இது ‘ka’, ‘kha’, ‘ga’, ‘gha’ என்ற நாலு ஒலிகளில் எது என்று கேட்பான். அவனுடைய எழுத்தில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு, நமக்கு ஒன்றுதான். எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் வேறுபாடு இந்தியிலும் ஒடியாவிலும் இல்லை. அதனால் ‘கொடு’வும் ‘கோடு’ம் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘ள’ ஒலி இந்தியில் இல்லாததால் பீகார்ப் பிள்ளை தடுமாறும். ‘ழ’ எல்லோருக்கும் கடினம், நம் ஊர்ப் பிள்ளைகள் பலரையும் சேர்த்து. இதையெல்லாம் அறியாமல் சிவப்பு மையில் சுழித்தால், கவனக்குறைவு என்று நாம் எழுதுவோம், பிள்ளைக்கோ எதற்காகச் சுழித்தார்கள் என்பதே விளங்காது.

முதல் சில வாரங்கள் கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. எண்ணிக்கைக் கூலிக்குக் கல் அறுக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஆயிரம் என்பது கண்ணால் பார்த்த அளவு. இத்தனை கல்லுக்கு இவ்வளவு, முன்பணத்தில் இவ்வளவு கழிந்தது என்ற பேச்சு அதன் காதில் தினமும் விழுகிறது. லைன் வீட்டுப் பையன் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைத் தப்பில்லாமல் வாங்கி வருவான். கரும்பலகையில் ஒரு கூட்டலைச் சரியாகப் போட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாய் திறக்கின்றன.

வாய் திறந்த பிறகு ஆசிரியருக்கு ஒரு மயக்கம் வரும். அடுத்த பருவத்துக்குள் பையன் மைதானத்தில் நம் வடசென்னைத் தமிழில் சரளமாகச் சண்டை போடுவான். ‘இவனுக்கென்ன, நல்லாத்தான் பேசுறான்’ என்று விட்டுவிடுவோம். கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், பேச்சு மொழி கைவர இரண்டு ஆண்டு ஆகலாம், பாடநூல் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை ஆகும் என்று 1980-களிலேயே எழுதினார். எங்கள் வகுப்பறையில் அதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். பேசத் தெரிந்த பையன் சமூக அறிவியல் பாடத்தின் ஒரு பத்தியைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். உதவியை நிறுத்தக் கூடாத கட்டம் அதுதான்.

துணை மாணவரைச் சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பது வழக்கம். அது பெரும்பாலும் பலிப்பதில்லை. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கு வந்து தமிழ் கற்ற பிள்ளையைச் சேர்த்துப் பாருங்கள். எங்கே தடுக்கும் என்று அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். 1960 எல்லை மாற்றத்தில்தான் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கைத் தமிழர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்கிறார்கள். பல பேச்சு கேட்கும் வகுப்பறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

வகுப்புக்கு வெளியே நடப்பதைக் கவனிப்பதும் ஆசிரியரின் வேலைதான். தமிழ் பழகிய பிள்ளை வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகிவிடும். ஆஸ்பத்திரி, வங்கி, வீட்டுக்காரர் என்று எங்கும் அதைக் கூட்டிப்போவார்கள், வருகைப் பதிவு குறையும். பெண் பிள்ளை என்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தால் அக்கா பள்ளிக்கு வருவாள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் பீதி. அந்த நாட்களில் எந்த அறிவிப்பையும்விட, பிள்ளையின் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று பேசியதைத்தான் பெற்றோர் நம்பினார்கள்.

சூளைப் பிள்ளைக்கும் சிப்காட் பிள்ளைக்கும் ஒரே திட்டம் ஒத்துவராது. சூளைப் பிள்ளை மழைக்கு முன் ஊர் திரும்பும். அதற்கு ஒடியா விட்டுப்போகக் கூடாது. ஒடிசாப் பாடநூல்களையும் அந்த மொழி தெரிந்த தன்னார்வலர்களையும் கொண்டு சூளைப் பக்கத்திலேயே வகுப்பு நடத்திய ஏற்பாடு இந்த மாவட்டத்தில் இருந்திருக்கிறது. அதுதான் சரியான வழி. சிப்காட் பிள்ளை தங்கிவிடும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பையனுக்கு அது மலை, இரண்டாம் வகுப்பில் வரும் பிள்ளைக்கு அது படி.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதால், தாமதமாக வரும் பிள்ளைக்கு வகுப்புக்குள்ளேயே ஓர் இடம் கிடைக்கிறது. காலை உணவு இன்னொரு பலம். விடியலில் வேலைக்குப் போகும் தாய்க்கு அதன் அருமை தெரியும். குறை ஒன்றுதான்: பிள்ளையின் மொழி பேசும் பெரியவர் ஒருவர் பள்ளியில் இல்லை. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017-இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் பல மொழி அறிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. லைன் வீடுகளிலேயே பன்னிரண்டாம் வகுப்பு படித்த அக்காக்கள் இருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுத்து அவர்களை அழைக்க நம்மாலும் முடியும்.

சக ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். நவம்பரில் வரும் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள். வீட்டு மொழியைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். ஹோலிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் வராவிட்டால் பெயரை நீக்கிவிடாதீர்கள். ஒரேயடியாகத் திரும்பிப் போகும் பிள்ளையின் கையில் என்னென்ன படித்தது, எதுவரை தெரியும் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள். அடுத்த ஊரின் ஆசிரியர் அதிலிருந்து தொடங்கிக்கொள்வார்.