மூன்றரை விழுக்காடும் ஒரு சான்றிதழும்

 

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுள் ஈட்டுத்தொகை செலுத்த வகையற்ற சிலர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்பது நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கும் வரலாறு. மதரஸாவில் இதனைப் பல்லாண்டுகளாகப் போதித்து வருபவன் நான். ஆயினும், அதன் பொருள் எனக்கு விளங்கியது ஒரு மாணவன் விஷயத்தில் நான் தவறிய பின்னர்தான்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாக் கரையில், கடலை நம்பி வாழும் ஊர் திருப்பாலைக்குடி. அங்கே என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினான். தகப்பனார் கடல் தொழிலாளி. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் என்னிடம் வந்தான்.

"ஹஜ்ரத், சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். நமக்கு என்ன சாதி என்று எழுதுவது?"

"இஸ்லாத்தில் சாதி ஏதப்பா? முஸ்லிம் என்று எழுது, போதும்" எனப் பெருமையோடு சொல்லியனுப்பினேன்.

நான் கூறியது மார்க்கத்தில் சரி. ஆனால் அவன் கேட்டது ஃபத்வா அன்று, வழி! சான்றிதழ் இல்லாததால் அவன் பொதுப் பிரிவில் வைத்து எண்ணப்பட்டான். விரும்பிய இடம் கிட்டவில்லை. குடும்பத்தின் வறுமை மறு ஆண்டு வரை காத்திருக்க விடவில்லை.

அதன் பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2007ஆம் ஆண்டு தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. ஆயிரம் இடங்களில் முப்பத்தைந்து! நான் கலைப் பட்டம் பெற்ற காலத்தில் இல்லாத வாய்ப்பு இது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கினி, மாப்பிள்ளை, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா என்று அரசாணை பெயர்களை அடுக்குவது நம்மில் உயர்வு தாழ்வு கற்பிக்க அன்று. கல்வியில் பின்தங்கியோரை அடையாளம் காணவே. இதனை அறியாமல் ஒரு பிள்ளையின் வழியை நானே அடைத்துவிட்டேன்.

மதரஸாக்களே நம் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கின்றன என்று பழி கூறுவோர் உண்டு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த நீதிபதி ராஜீந்தர் சச்சார் குழுவின் அறிக்கையோ, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸா செல்வோர் ஏறக்குறைய 3 விழுக்காட்டினரே என்கிறது. 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரில் கால் பங்கினர் பள்ளியையே காணாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள்! பன்னிரண்டாம் வகுப்பை எட்டாத பிள்ளைக்கு ஒதுக்கீடு என்ன பயன் தரும்?

எட்டவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வறுமையே. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. தேர்வு முடிவும் கல்லூரிச் சேர்க்கையும் வருவது அதே நாட்களில்தான். வருமானம் நின்ற வீட்டில் கட்டணத்துக்கு எங்கே போவது? சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் பள்ளி உதவித்தொகையும் 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டுமெனச் சுருங்கியது. மறுபுறம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022லும், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024லும் வந்தன. அரசு ஒரு கையால் எடுப்பதும் மறு கையால் கொடுப்பதும் உண்டு. கொடுப்பதையேனும் கேட்டுப் பெறுகிறோமா?

அந்த மாணவன் இன்று வளைகுடாவில் ஒரு கடையில் பணிபுரிகிறான். விடுமுறையில் வரும்போது என் கையைப் பற்றி ஸலாம் கூறத் தவறுவதில்லை. ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. அதுவே என் நெஞ்சில் பெரும் சுமை.

இப்போது ஆண்டுதோறும் தேர்வுக்கு முன்னரே, அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அமர்த்தி, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் உண்டா எனக் கேட்கிறேன். இல்லாதவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். ஓதிக்கொடுப்பதோடு என் கடமை முடிந்தது என்று இனி எண்ணமாட்டேன்.

சகோதர சகோதரிகளே! உங்கள் மஹல்லாவிலும் இதனைச் செய்யுங்கள். பேழையில் பூட்டிய திறவுகோல் கதவைத் திறக்காது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.